சிங்கமலைச் சித்திரங்கள் – 7: கயிற்றில் தொங்கிய படவரைஞர்

அந்தக் கல்லுடைக்கும் இளைஞன் மூன்று நாள்தான் விரதம் இருந்தான். நான் உங்களை ஏழு நாள் காக்க வைத்துவிட்டேன். “ஏறினானா, விழுந்தானா என்று சொல்லாமலே தொடரும் போட்டுவிட்டீர்களே” என்று வீட்டிலேயே திட்டு வாங்கியாகிவிட்டது.

சொல்லிவிடுகிறேன். ஏறினான்.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்காக இரண்டு வரி. 1889, ஜூன் மாதம். மாத்தளை மாவட்டத்தின் வட எல்லைக் காட்டில், சிகிரியாப் பாறையின் மேற்கு முகத்தில் அலிக் மரே என்ற பொதுவேலைத் திணைக்கள அதிகாரி நிற்கிறார். தலைக்கு மேலே ஏறக்குறைய ஐம்பது அடியில், பாறை உள்வாங்கிய குழி ஒன்றுக்குள் பெண்கள் தெரிகிறார்கள். இடைக்குக் கீழே மேகம், கையில் பூ. 1875இல் பிளேக்ஸ்லி என்ற அதிகாரி தொலைநோக்கியில் பார்த்து எழுதிவைத்த அதே பெண்கள். அவர்களை நகலெடுக்க வேண்டும் என்று ஆளுநர் சேர் ஆர்தர் கோர்டன் ஆசைப்பட்டார். ஆனால் மேலே போக வழி இல்லை. மன்னன் காசியப்பன் காலத்துப் படிகளோ பரணோ எதுவாக இருந்ததோ, அது எப்போதோ உதிர்ந்துவிட்டது.

மரேயின் திட்டம் எளிமையானது. பாறையில் துளை போடுவது, துளையில் இரும்பு முளையை இறக்கிச் சீமெந்து வைத்து இறுக்குவது, அந்த முளையில் காலை ஊன்றி அடுத்த துளையைப் போடுவது. பாறையில் பேய் இருக்கிறதென்று சுற்றுவட்டாரச் சிங்களக் கிராமத்தவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். தமிழ்க் கல்வேலைக்காரர்கள் வந்தார்கள். உயரம் கூடக் கூட அவர்களிலும் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, கடைசியில் எடை குறைந்த இளைஞன் ஒருவன்தான் மிச்சம். அவனும் ஒரு கட்டத்தில் நின்றுவிட்டான். மூன்று நாள் விரதமும் வழிபாடும் முடிந்த பிறகுதான் அடுத்த முளை என்றான்.

எந்தச் சாமியைக் கும்பிட்டான் என்று எழுதிவைக்கவில்லை. மாத்தளைக்காரனான எனக்கு ஒரு ஊகம் உண்டு. மன்னாரில் தோணி இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையைத் தாண்டி மாத்தளை வரை நடந்து வந்த கூட்டம் அந்தக் காலத்தில் எந்தத் தாயின் பெயரைச் சொல்லிக்கொண்டு நடந்ததோ, அவளாகத்தான் இருக்கும். மாத்தளை நகரத்து முத்துமாரியம்மன் கோயிலுக்கு மாசி மகத் தேருக்குப் போனவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வடக்குப் பாதை என்று பெயர் பெற்ற அந்த நடைவழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்கள் போக மீதிப்பேர்தான் தோட்டம் வந்து சேர்ந்தார்கள். ரயில் 1880இலேயே மாத்தளைக்கு வந்துவிட்டது, ஆனால் கூலியாட்கள் மாத்தளைக்கு வடக்கே நடந்துதான் வந்தார்கள். அப்படி வந்த சனத்தில் ஒருவனோ, அப்படி வந்தவர்களின் மகனோதான் இந்தப் பையன் என்று நினைக்கிறேன். ஊகம்தான். அவனுடைய பெயர் எங்கும் இல்லை.

மரேயின் பெயர் இருக்கிறது. குழிக்குள் ஏறிய மரே ஒரு வாரம் முழுவதும், பொழுது விடிந்ததிலிருந்து சாயும்வரை, மல்லாந்து படுத்தபடி மெல்லிய தாளை ஓவியத்தின் மேல் வைத்துக் கோடு எடுத்தார். வேலை முடிந்ததும் ஒரு போத்தலுக்குள் செய்தித்தாளும் சில நாணயங்களும் போட்டு அந்தக் குழியின் தரையிலேயே புதைத்தார். அந்தச் சடங்குக்கு ஒரு பௌத்த பிக்குவும் ஒரு சைவச் சந்நியாசியும் மேலே வந்து, ஓவியங்கள் நீடிக்க வேண்டுமென்று அவரவர் முறையில் பிரார்த்தித்தார்கள். இந்தக் காட்சியை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும். பாறையிடுக்கில் பிக்கு, பண்டாரம், வெள்ளைக்காரர். கீழே, முளை அடித்தவன்.

மரே இறங்கினார். நகல்கள் கொழும்பு போயின. அத்தோடு கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஒருவர் நினைக்கவில்லை.

*

எச். சி. பி. பெல். 1890இல் இலங்கையின் தொல்பொருள் ஆணையாளர் வேலையை ஏற்ற சிவில் சேவைக்காரர். அநுராதபுரத்துக் காடுகளில் அளவுச் சங்கிலி இழுத்துக்கொண்டிருந்தவர், 1890களின் நடுவில் சிகிரியாவுக்கு முகாம் போட வந்தார். மலைக்காய்ச்சல் பிடித்த பூமி. ஆண்டில் சில மாதம்தான் அங்கே வேலை செய்ய முடியும். மீதி மாதங்களில் மழை, இல்லையென்றால் காய்ச்சல்.

மரேயின் நகல் அவருக்குப் போதவில்லை. காரணம் இரண்டு. ஒன்று, மரே ஏறியது பெரிய குழிக்கு மட்டும். பக்கத்திலேயே இன்னொரு சிறிய குழி உண்டு. அதிலும் பெண்கள் இருக்கிறார்கள், மங்கிப்போய், பேய் நிழல் மாதிரி. இரண்டாவது காரணம்தான் முக்கியம். தாளில் ஒத்தி எடுத்த கோட்டில் வண்ணத்தின் ஆழம் வராது, விரிசல் வராது, காரை பெயர்ந்த தழும்பு வராது. பெல்லுக்குத் தழும்பும் வேண்டும்.

இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். சிகிரியாவிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் தம்புள்ளை. அங்கே ஐந்து குகைகள், கூரை முழுக்க ஓவியம். அந்தக் குகைகளில் ஓவியனின் வேலை என்ன? பழையதைப் புதிதாக்குவது. கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில், பழைய சுவரின் மேல் புதிய புத்தர்கள் உட்கார்ந்தார்கள். அது யாருக்கும் குற்றமாகத் தெரியவில்லை. புண்ணியமாகத் தெரிந்தது. விளக்குப் புகையில் கறுத்த தெய்வத்துக்கு நாம் குடமுழுக்கில் புது வர்ணம் பூசுகிறோமே, அதே நியாயம்.

அந்த வேலையைப் பரம்பரையாகச் செய்த சித்தரக் குடும்பங்கள் கண்டி இராச்சியத்தில் இருந்தன. சித்திரக்காரர்தான் சிங்களத்தில் சித்தர. அவர்களில் பெயர்பெற்றது நீலகமைப் பரம்பரை. தம்புள்ளைச் சுவர்களோடு சேர்த்துச் சொல்லப்படுகிற பெயர் அது. கண்டிக்குப் பக்கத்திலுள்ள தெகல்தொருவ விகாரையில் ஓவியம் தீட்டிய நால்வரில் ஒருவர் நீலகமைப் பட்டபெந்தா. இவர்களுக்குச் சம்பளம் கிடையாது. நிலம் உண்டு. விகாரைக்குச் செய்யும் சேவைக்காகக் கொடுத்த வயல், அப்பனுக்குப் பின் மகன் அனுபவிப்பான், அப்பனுடைய தூரிகையையும் சேர்த்து. சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்குக் கொறுக்கா மரத்து இனத்தின் பால், வெள்ளைக்கு மக்குல் என்ற வெண்மண், கறுப்புக்கு விளக்குக் கரி. மெல்லிய கோட்டுக்கு அணில் மயிர்த் தூரிகை. இவ்வளவும் நமக்குத் தெரிவதற்கு ஒரு யாழ்ப்பாணத்துத் தகப்பனுக்குப் பிறந்தவர் காரணம். ஆனந்த குமாரசுவாமி ஊர் ஊராகப் போய்க் கேட்டு, 1908இல் தம் சிங்களக் கலை நூலில் எழுதிவைத்தார்.

இந்த நீலகமை முறை உலகத்தில் இங்கே மட்டும் இருந்ததென்று நினைத்துவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தில் ஆதிக்குடி ஓவியன் எந்தக் கதையையும் எடுத்து வரைந்துவிட முடியாது. பிறப்பால் அவனுக்கு உரிமை உள்ள மண்ணின் கதை, அந்த மண்ணில் முன்னோர் நடந்த தடம், அதைத்தான் வரையலாம். அடுத்தவன் கதையைத் தொட அனுமதி வேண்டும். 1971இல் பாப்புன்யா என்ற குடியிருப்பில், காப்பா ஜம்பிஜின்பா என்பவரை முன்னிட்டுக்கொண்டு பெரியவர்கள் பள்ளிச் சுவரில் தேன் எறும்பின் கதையைத் தீட்டினார்கள். காப்பா மாட்டுப்பண்ணையில் வேலை செய்தவர். அந்தச் சுவரிலிருந்துதான் இன்று உலகச் சந்தையில் கோடிக்கணக்கில் விலைபோகும் பாலைவனப் புள்ளி ஓவியங்கள் புறப்பட்டன. அந்தச் சுவர் என்ன ஆயிற்று என்பதை இந்த அத்தியாயத்தின் கடைசியில் சொல்கிறேன். ஞாபகம் வைத்திருங்கள்.

நம் தீவிலும் வேடுவப் பெண்கள் குகைச் சுவரில் சாம்பலை எச்சிலில் குழைத்து விரலால் வரைந்ததை செலிக்மன் தம்பதியர் 1911இல் எழுதினார்கள். வேட்டைக்குப் போன ஆண்கள் திரும்பும்வரை பொழுது போக வேண்டுமல்லவா? மான், மனிதர், சிறுத்தை. மழை வந்தால் போயிற்று, மறுபடி வரைந்துகொள்வார்கள். யாரும் நகலெடுக்க வரவில்லை.

பெல் கேட்டது இந்த எல்லாவற்றுக்கும் நேர் எதிரானது. புதுப்பிக்காதே. அழகாக்காதே. உன் கை தெரியக்கூடாது. இருப்பது இருக்கிறபடி, உடைந்தது உடைந்தபடி.

அப்படி ஒரு ஆள் அவரிடம் இருந்தார்.

*

டி. ஏ. எல். பெரேரா. பெல்லின் திணைக்களத்துப் படவரைஞர். இடிந்த விகாரைகளின் தரைப்படம், தூண் அளவு, கல்வெட்டு ஒத்தி, இப்படி அளவுகோலும் மையுமாகப் போனது அவர் பிழைப்பு. பரம்பரைச் சித்தரன் அல்ல, மானிய வயல் கிடையாது. அரசாங்கச் சம்பளம், அரசாங்க எண்ணெய் வண்ணம்.

1896இல் பெரிய குழிக்குள் அவர் ஏறினார். இப்போது நாம் ஏறுகிற சுருள் படி 1938இல்தான் வந்தது. பெரேராவுக்குத் தொங்கும் ஏணி. மேற்கு முகம் ஆதலால் மத்தியானத்துக்குப் பிறகு வெயில் நேராக உள்ளே விழும், பாறை கொதிக்கும். வேலைக்கு ஏற்ற வெளிச்சம் காலையில்தான். காற்றுக்காலம் என்றால் தாள் கையில் நிற்காது. இவற்றோடு பம்பரா. மலைத்தேனீயைச் சிங்களத்தில் அப்படிச் சொல்வார்கள். சிகிரியாப் பாறையில் அதன் கூடுகள் இன்றும் தொங்குகின்றன. சிங்க மேடையில் கம்பிவலை போட்ட கூண்டு ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். மிருகத்துக்காக அல்ல. தேனீ கலைந்தால் நாம் ஓடி ஒளிவதற்கு.

உள்ளே பெரேரா கண்டது என்ன? நாம் பத்து நிமிடம் நின்று, பின்னால் வருகிறவர்கள் தள்ளத் தள்ள நகர்கிறோமே, அதே சுவரை அவர் மாதக்கணக்கில் ஒரு முழ தூரத்தில் பார்த்தார். பாறையின் மேல் செம்மண் காரை, அதில் நெல்லுமியும் நாரும். அதன் மேல் சுண்ணாம்பு கலந்த காரை. அதன் மேல் மெழுகிய சுண்ணாம்புப் பூச்சு. அதில் வண்ணம். சிவப்பு, மஞ்சள், பச்சை. இவ்வளவுதான் கைவசம் இருந்த நிறம். இந்த மூன்றைக் கூட்டிக் குறைத்தே அந்த ஓவியன் ஒருத்தியைப் பொன்னிறமாகவும் பக்கத்தில் தட்டு ஏந்தி நிற்பவளைக் கருமை ஓடிய பச்சையாகவும் காட்டியிருக்கிறான்.

இன்னொன்றும் கண்டார். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் நான் முதல்முறை போனபோது எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டி ஐயா ஒருவர், சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். “தம்பிமார், இந்த அம்மாவுக்கு எத்தனை கை? எண்ணிச் சொல்லுங்க பாப்பம்” என்றார். இரண்டு என்று கத்தினோம். “நல்லாப் பாருங்க.” பார்த்தோம். மூன்று! ஓவியன் முதலில் ஒரு மாதிரி கையை வைத்திருக்கிறான். பிடிக்கவில்லை. அழித்து வேறு மாதிரி போட்டிருக்கிறான். பதினைந்து நூற்றாண்டு கழிந்து மேற்பூச்சு தேய்ந்ததும் அழித்த கை எட்டிப் பார்க்கிறது. அன்று சிரித்தோம். இன்று எனக்கு அந்த மூன்றாவது கைதான் அந்தக் குழியிலேயே மிக நெருக்கமான விடயம். காசியப்பன் யாருக்காக வரையச் சொன்னான், அவர்கள் அப்சரசுகளா, அரண்மனைப் பெண்களா, மேகமும் மின்னலுமா என்ற சண்டை அறிஞர்களுக்குள் இன்னும் ஓயவில்லை. அது ஓயட்டும், ஓயாமல் போகட்டும். அந்தக் கையில் ஓர் ஆள் தெரிகிறான். காற்றில் பரணில் நின்றுகொண்டு, “சீ, இது சரியில்லை” என்று தலையை ஆட்டியவன்.

தம்புள்ளையில் ஒரு நீலகமைச் சித்தரனிடம் இந்தச் சுவரைக் கொடுத்திருந்தால் என்ன செய்திருப்பார்? மூன்றாவது கையை மூடியிருப்பார். அவருடைய தர்மம் அது, அதில் பிழை இல்லை. பெரேராவின் தர்மம் வேறு. பிழையையும் பிரதி எடுப்பது. அந்த வேலை முடிந்தபோது பெல் எழுதிய மதிப்புரை, அவர் லேசில் யாரையும் புகழாத ஆள் என்பதை நினைத்துக்கொண்டு வாசிக்க வேண்டியது. ஒரு கோடு, ஒரு சிதைவு, ஒரு நிறச்சாயல்கூட விடுபடவில்லை என்று சான்று கொடுத்தார்.

சரி. பெரிய குழி முடிந்தது. சின்னக் குழி?

*

சின்னக் குழியில் தரையே இல்லை என்று சொல்லலாம். சறுக்குப் பாறை. உட்கார்ந்தால் வழுக்கும், வழுக்கினால், கீழே பாதையோரம் மெருகேற்றி எழுப்பிய கண்ணாடிச் சுவருக்கும் அப்பால், கீழே மரத்தலைகள். பாறையில் இரும்பு அறைந்து அதில் பரண் கட்டினார்கள். பரணில் படுத்தபடி வரைய வேண்டும். 1897இல் அதையும் பெரேரா முடித்தார். இரண்டு குழியும் சேர்த்து 22 உருவங்கள் எண்ணிக்கைக்கு வந்தன. கண்ணாடிச் சுவரில் கிறுக்கிய பழைய காலத்துப் பயணிகளோ ஐந்நூறு பெண்கள் என்கிறார்கள். எட்டாம் நூற்றாண்டு தொடங்கிப் பத்தாம் நூற்றாண்டு வரை பாறைக்கு வந்தவர்கள் எழுத்தாணியால் கீறிவைத்த கவிதைகளில் 685ஐ செனரத் பரணவிதான வாசித்து 1956இல் அச்சிட்டார். அவர்களுடைய ஐந்நூறு நிஜக் கணக்கா, கவிஞர்கள் கணக்கா என்பது அவரவர் விருப்பம். மேற்கு முகத்தில் எத்தனையோ இடத்தில் காரைத் திட்டுகள் வெறுமையாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பது மட்டும் கண்ணால் பார்க்கக்கூடிய உண்மை.

பெல்லுக்கு இன்னும் ஆசை அடங்கவில்லை. ஒவ்வொரு பெண்ணும் தனித்தனியாக வந்தாயிற்று. ஆனால் அந்த இரண்டு குழிகளும் பாறையின் முகத்தில் எப்படி அமைந்திருக்கின்றன, அதை நேர் எதிரே நின்று பார்த்தால் எப்படி இருக்கும்? நேர் எதிரே என்ன இருக்கிறது? வானம்.

வானத்தில் நின்று வரைய வேண்டும்.

பாறையின் உச்சியிலிருந்து கப்பல் கட்டுகிற மொத்தக் கயிறு ஒன்றைத் தொங்கவிட்டார்கள். சிகிரியாவின் மேற்கு முகம் மேலே துருத்தி, கீழே உள்வாங்கியது. அதனால் மேலிருந்து விட்ட கயிறு பாறையை ஒட்டி விழாமல் விலகி, அந்தரத்தில் தொங்கும். அந்தக் கயிற்றில் ஓர் இருக்கை. இருக்கையில் பெரேரா. கேமராவோடு ஏற்றினார்கள், படம் பிடித்தார். பிறகு வண்ணப் பெட்டியோடு ஏற்றினார்கள்.

கிணற்று வாளியில் உட்கார்ந்து இறங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தொங்குகிற பொருள் சும்மா இருக்காது. கயிற்றின் முறுக்கு பிரியும், முறுக்கு பிரிந்தால் ஆள் சுழல்வார். காற்று ஒரு தள்ளு தள்ளினால் ஓவியம் இடப்பக்கம் போகும், அடுத்த தள்ளில் வலப்பக்கம் வரும். தூரிகை ஒரு கையில், எதையாவது பற்றிக்கொள்ள இன்னொரு கை. கயிற்றின் மறு நுனி யார் யார் கையில் இருந்தது என்று பெயர்ப்பட்டியல் கிடையாது. 1889இல் முளை அடித்தவனுக்குக் கிடைத்த அதே மரியாதை. பெரேரா அவர்களை நம்பித் தொங்கினார். நடுவானத்தில் ஊஞ்சலாடிக்கொண்டே அந்தப் பாறை முகத்தை, இரண்டு குழிகளோடும், எண்ணெய் வண்ணத்தில் தீட்டி முடித்தார்.

கயிறு அறவில்லை. ஆள் பத்திரமாக இறங்கினார். பின்னாளில் முகாந்திரம் பட்டம் கிடைத்தது. அவ்வளவுதான். பெல்லுக்கு வாழ்க்கை வரலாறே எழுதும் அளவுக்கு ஆவணங்கள் உண்டு. பெரேராவுக்கு மூன்று முதலெழுத்தும் ஒரு குடும்பப் பெயரும். அந்தக் காலத்து உத்தியோக வழக்கம் அது என்று சமாதானம் சொல்லலாம். எனக்குச் சமாதானம் ஆகவில்லை.

*

நகல்தானே, இதற்கு ஏன் இத்தனை ஆரவாரம் என்று நீங்கள் கேட்கலாம். அஜந்தாவைப் பற்றி ஒரு சேதி சொல்கிறேன். ராபர்ட் கில் என்ற மதராஸ் படை அதிகாரி 1840களில் தொடங்கி ஆண்டுக்கணக்காக அஜந்தாக் குகைகளில் குடியிருந்து ஓவியங்களை நகலெடுத்தார். லண்டன் பளிங்கு மாளிகையில் மாட்டினார்கள். 1866இல் தீ. பெரும்பாலும் சாம்பல். பிறகு பம்பாய் ஓவியப் பள்ளியின் ஜான் கிரிஃபித்ஸ், மாணவர்களைக் கூட்டிக்கொண்டு 1872 முதல் 1885 வரை மறுபடி நகலெடுத்தார். லண்டனுக்கே அனுப்பினார்கள். 1885இல் அங்கேயும் தீ. அந்த நகல்களிலும் ஏராளமானவை போய்விட்டன. கல்லில் இருந்தது குகையின் இருட்டில் பிழைத்துக்கிடக்க, துணியில் இருந்தது லண்டன் வெளிச்சத்தில் எரிந்தது.

பெரேராவின் நகல்கள் லண்டனுக்குப் போகவில்லை. கொழும்பு அருங்காட்சியகத்துக்குப் போயின. 1877இல் திறந்த அந்த வெள்ளைக் கட்டடத்தில் மாட்டினார்கள். சனங்கள் பார்த்தார்கள், பழகினார்கள், மறந்தார்கள். அசல்தான் மலையில் இருக்கிறதே, நகலை யார் தேடுவார்கள்?

ஆண்டுகள் ஓடின. பெல் 1912இல் ஓய்வு பெற்றார். சுருள் படி வந்தது. இனாமலுவைச் சந்தியிலிருந்து பஸ் வந்தது. தீவு சுதந்திரம் அடைந்தது. முத்திரையில் சிகிரியாப் பெண், பத்திக் துணியில் சிகிரியாப் பெண், தேநீர்ப் பெட்டியில் சிகிரியாப் பெண்.

இப்போது அந்தப் பாலைவனத்துப் பள்ளிச் சுவர். காப்பாவும் மற்றப் பெரியவர்களும் 1971இல் தீட்டிய தேன் எறும்பு மூன்றே ஆண்டுதான் இருந்தது. 1974இல் அதன் மேல் பெயிண்ட் அடித்து மூடிவிட்டார்கள். இன்று அதைப் பார்க்க வேண்டுமானால் புகைப்படம்தான் கதி.

அதற்கு ஏழு ஆண்டு முன்னால், 1967 அக்டோபர் மாதத்தில் ஓர் இரவு, சிகிரியாவின் பெரிய குழிக்குள் யாரோ ஏறினார்கள். கையில் தூரிகையும் இருந்தது, பெயிண்டும் இருந்தது. கோடு எடுக்க வந்தவர்கள் அல்ல.

விடிந்ததும் மேலே போய்ப் பார்த்தவர்களின் கண்ணில் முதலில் பட்டது பச்சை. அந்தப் பழைய ஓவியன் மண்ணை அரைத்து எடுத்த மங்கலான பச்சை அல்ல. கடையில் தகர டின்னில் விற்கிற பச்சை. முகங்களின் மேல், மார்புகளின் மேல். பச்சை படாத இடத்தில் காரையையே கொத்தியிருந்தார்கள்.

மழைக்கும் வெயிலுக்கும் தேனீக்கும் ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு தாக்குப் பிடித்தவர்கள் ஒரே ராத்திரியில் அழிந்தார்களா? பெயிண்டைக் கரைத்தால் அடியில் இருக்கிற வண்ணமும் சேர்ந்து கரையுமே, அதை யார் தொடுவது? கொத்திப்போன முகம் எப்படி இருந்ததென்று கேட்டால் யார் சாட்சி சொல்வது? இந்தக் கேள்விகளோடு ரோமிலிருந்து ஒருவர் இலங்கைக்கு வந்தார். பெயர் லூசியானோ மரன்சி. அவரோடு மலை ஏறியவர் ராஜா டி சில்வா, இரசாயனம் படித்த தொல்பொருள் அதிகாரி. மரன்சி தன் பெட்டியைத் திறந்து முதலில் வெளியே எடுத்தது என்ன?

அதை அடுத்த வாரம் சொல்கிறேன். அதற்குள் கொழும்புப் பக்கம் போகிறவர்கள் அருங்காட்சியகத்தில் பெரேராவின் நகல்களைத் தேடிப் பார்த்துவிட்டு வாருங்கள். மூன்றாவது கை இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

(தொடரும்)